பிள்ளையின் முகம் ஒருபக்கம் கோணினால்: யோகாவா, பிசியோவா, பரிகாரியா?

"டீச்சர், யோகா செய்தா வாய் நேராகுமா? இல்லாட்டி பிசியோவுக்கே அலையிறதா?"

முகம் ஒருபக்கம் கோணிய பிள்ளைக்காகக் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தாய் போனில் கேட்டார். அதே கிழமை அக்கரைப்பற்றில் இருந்து ஒரு வாப்பா, ஏழு வயது மகனுக்காகக் கேட்டார். அவருக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது: "ஓம் சொல்லாம யோகா செய்ய ஏலுமா?" இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பில் பின்னேரங்களில் சிறுபிள்ளைகளுக்கு யோகா பழக்குகிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளும் வந்து போனது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு காலை பல் தீட்டிக் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாயால் ஒழுகிச் சட்டையை நனைத்தது. சிரித்தாள், சிரிப்பு வலது பக்கம் மட்டும் போனது. இடது கண் மூடவில்லை. அம்மம்மா பார்த்த உடனே தீர்ப்புச் சொன்னார்: "கச்சான் காத்து அடிச்சிருக்கு மனே, பரிகாரியிட்டக் காட்டு." பரிகாரி என்றால் எங்கள் ஊர் நாட்டு வைத்தியர். பக்கத்து வீட்டில் நாவூறு என்றார்கள். வட்ஸ்அப்பில் ஒருவர் பலூன் ஊதச் சொன்னார், இன்னொருவர் சூயிங்கம் மெல்லச் சொன்னார். நானோ யோகா டீச்சர். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் எடுப்பேன்? அதில் நான் விட்ட பிழையையும் கீழே ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

## தெரிவே இல்லாத இரண்டு விடயங்கள்

முதலாவது, அன்றைக்கே ஆசுபத்திரி. முகத்தசைகளை அசைப்பது ஏழாவது மண்டை நரம்பு. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஓர் ஒடுக்கமான குழாய் வழியாக அது வருகிறது. மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. நரம்பு வீங்கினால் விரிய இடமில்லாமல் அங்கே நெரிபடுகிறது. வேறு காரணம் ஒன்றும் அகப்படாதபோது அதற்கு பெல்ஸ் பால்சி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இந்த நரம்பை விவரித்த ஸ்கொட்லாந்துக்காரர் சார்ள்ஸ் பெல்லின் பெயர் அது. 'வேறு காரணம் அகப்படாதபோது' என்பதைக் கவனியுங்கள். நடுக்காதில் சீழ், காதுக்குள் கொப்புளம் போடும் அக்கி, உயர் இரத்த அழுத்தம், அபூர்வமாக இரத்தப் புற்றுநோய்கூடப் பிள்ளையின் முகத்தை இப்படிக் கோணவைக்கும். டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதும், சின்னப் பிள்ளைக்குப் பிரஷர் எடுப்பதும் அதற்குத்தான். கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், கடும் தலையிடி, தள்ளாட்டம் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

இரண்டாவது, கண். முகவாதத்தில் உண்மையான அவசரம் வாயில் இல்லை, மூடாத கண்ணில்தான் இருக்கிறது. இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து கீறல் விழும். பகலில் டொக்டர் எழுதித் தரும் துளிமருந்து, இரவில் களிம்பு, தூங்கும்போது இமையை மெல்ல மூடி மிருதுவான பிளாஸ்டர். நம் பக்கத்தில் கச்சான் வீசும் மாதங்களில் ரோட்டு மணல் எல்லாம் முகத்தில்தான் வந்து விழும். சைக்கிளிலோ பஸ்ஸிலோ போகும்போது ஒரு சாதாரணக் கண்ணாடி போட்டுவிடுங்கள். இரவில் மின்விசிறியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே திருப்பி வைக்காதீர்கள்.

இந்த இரண்டும் நடந்த பிறகுதான் மற்றத் தெரிவுகள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் மனம் ஆறும். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 187 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. ஆறாவது மாத முடிவில், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொயிட் மருந்து குடித்தவர்களில் 99 வீதமும், போலி மருந்து குடித்தவர்களில் 93 வீதமும் முழுமையாகத் தேறியிருந்தார்கள். ஆனால் முதல் மாத முடிவில் இரண்டு குழுவிலும் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் தேறியிருந்தார்கள். ஆகவே டொக்டர் ஸ்டீரொயிட் எழுதாமல் விட்டாலும் அது கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். எழுதினால், பாதியில் நிறுத்த வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் எப்படியும் தேறுவார்கள். அதனால்தான் இந்த நோயில் எல்லா வைத்தியத்துக்கும் நல்ல பெயர். மூன்றாம் கிழமை எதைச் செய்துகொண்டிருந்தீர்களோ, அதுவே குணமாக்கியது என்று தோன்றும். யோகாக்காரருக்கும் அந்தப் பெயர் சும்மா கிடைக்கும். எனக்கும் கிடைத்தது.

## எதை வைத்து நிறுப்பது

நான் நாலு விடயத்தைப் பார்ப்பேன்.

முதலில், நரம்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது. முதல் சில கிழமை முகம் தொய்ந்து கிடக்கும். பிறகு அசைவு துளிர்க்கும். நரம்பிழை உள்ளே பழுதாகியிருந்தால் புதிதாக வளர வேண்டும், அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவுதான் வளரும். ஒரு கட்டத்துக்கு நல்லது இன்னொன்றுக்குக் கூடாது.

அடுத்தது, பிழையாகச் செய்தால் என்ன கெடும். இதைப் பலர் யோசிப்பதில்லை. வளரும் நரம்பிழை சிலவேளை வழி மாறிப் போய்விடும்; வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போகும். மூன்று நாலு மாதத்துக்குப் பிறகு பிள்ளை சிரித்தால் கண் சுருங்கும், கண் மூடினால் கடைவாய் இழுபடும். அந்த நேரத்தில் முழு முகத்தையும் பலமாக இழுத்துப் பழகினால் அந்தப் பிழையான கூட்டு இன்னும் ஊறிப்போகும். பலூனும் சூயிங்கமும் எனக்கு உடன்பாடில்லாதது அதனால்தான்.

மூன்றாவது, மறைந்திருக்கும் செலவு. அரச ஆசுபத்திரியில் காசு இல்லை, சரி. ஆனால் வாகரையில் இருந்து மட்டக்களப்பு நகருக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். பொத்துவிலில் இருந்து கல்முனைக்கு 70 அளவு. கூலிக்குப் போகும் தகப்பனுக்கு ஒரு கிளினிக் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

கடைசியில், பிள்ளை அதைச் செய்யுமா. செய்யாத பயிற்சி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பிரயோசனமில்லை.

## ஆசுபத்திரிப் பிசியோ

பிசியோ, அதாவது உடற்பயிற்சி வைத்தியர், முகத்தை இடம் இடமாகப் பார்ப்பார்: நெற்றி, கண், மூக்கு, மேலுதடு, கீழுதடு. எந்தத் தசை துளிர்க்கிறது, எது சும்மா இருக்கிறது, எது அளவுக்கு மீறி இழுக்கிறது என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடியாது. இதற்காகவே ஒரு தரமாவது போகலாம்.

பயனுக்கான சான்று எவ்வளவு? பல ஆய்வுகளைச் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வு ஒன்று 2011இல் வந்தது. அது, முகவாதத்துக்கான எந்த உடற்பயிற்சி வைத்தியத்துக்கும் உறுதியான சான்று இல்லை என்றது. ஆளுக்கேற்ப வகுத்த முகப்பயிற்சி, நாட்பட்ட பாதிப்புள்ளவர்களுக்கு உதவலாம் என்பதற்கு மட்டும் கொஞ்சம் சான்று இருந்தது. அதனால் முதல் மாதத்தில் கிழமைக்கு மூன்று நாள் பஸ் ஏறி அலைவதில் பெரிய இலாபம் இல்லை. மூன்று மாதமாகியும் முகம் முழுதாகத் திரும்பாத பிள்ளைக்கும், சிரித்தால் கண் சுருங்கத் தொடங்கிய பிள்ளைக்கும் இதை விடச் சிறந்தது வேறில்லை. அப்போது தூரத்தைப் பார்க்க வேண்டாம்.

மறைசெலவு பஸ்ஸும் கூலியும் மட்டுமில்லை. பள்ளிக்கூட நாள் போகும். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்றால் வீட்டில் அதுவும் ஒரு சண்டை.

## வீட்டில் கண்ணாடிப் பயிற்சி

பிசியோ சொல்லிக் கொடுத்ததை வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் செய்வது. கண்ணாடி ஏன் வேண்டும் என்று நான் கேட்டபோது கிடைத்த விளக்கம் எனக்குப் புதிது. கையைத் தூக்கினால், கண்ணை மூடியிருந்தாலும் கை எங்கே நிற்கிறது என்று தெரியும். தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணர்கருவிகளால் வருவது அது. முகத்தசைகளில் பெரும்பாலும் அவை இல்லை. ஆகவே பார்க்காமல் முகத்தை அசைத்தால், நல்ல பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது.

செய்வது சின்னதாக, மெதுவாக. சிரிக்கச் சொன்னால் பல் தெரியச் சிரிப்பதில்லை. உதடு மட்டும் நூலளவு விலக, இரண்டு பக்கமும் சமமாக. நல்ல பக்கம் முந்தினால் அந்தக் கன்னத்தில் ஒரு விரல் வைத்துத் தடுக்கலாம். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தரம் போதும். இதில் காசு இல்லை, பஸ் இல்லை.

ஆனால் கண்ணாடி பிள்ளையைக் காயப்படுத்தும். என் மகள் மூன்றாம் நாள் கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். கோணிய முகத்தை ஒரு நாளைக்கு இரண்டு தரம் உற்றுப் பார்க்கச் சொல்வது ஒன்பது வயதுக்குச் சின்ன வேலை இல்லை. யோகா எங்களுக்கு உண்மையில் உதவியது இந்த இடத்தில்தான்.

## யோகா

நேராகச் சொல்கிறேன்: யோகா முகநரம்பைக் குணமாக்கும் என்று நான் எந்தத் தாய்க்கும் சொல்வதில்லை. முகத்துக்கு யோகா செய்யாதீர்கள், பிள்ளைக்குச் செய்யுங்கள்.

பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாப்பாடு சப்பென்று இருக்கும், ஏனென்றால் நாக்கின் முன்பகுதிச் சுவையும் இந்த நரம்பில்தான் வருகிறது. ஸ்டீரொயிட் குடித்தால் பசி கூடும், தூக்கம் குறையும், சிணுங்கல் வரும். வகுப்பில் யாராவது பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் காத்திருப்புக்கு மூச்சும் அசைவும் உதவும். முகத்தைத் தவிர்த்த ஓர் உடம்பு அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது, அது நன்றாக வேலை செய்கிறது என்று காட்டும். பின்னேரம் இருபது நிமிடம் பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துவது, மரம் மாதிரி ஒற்றைக்காலில் நிற்பது, முடிவில் மல்லாந்து படுத்து வயிறு ஏறி இறங்குவதைக் கவனிப்பது. என் மகள் வயிற்றில் ஒரு தீப்பெட்டியை வைத்து, அது விழாமல் மூச்சு விடப் பழகினாள். அந்த இரவுகளில் பிளாஸ்டர் ஒட்டச் சண்டை குறைந்தது.

சரி, இனி என் பிழை. திராடகம் என்று ஒரு பயிற்சி இருக்கிறது: விளக்குச் சுடரை இமைக்காமல் பார்ப்பது. மனம் ஒருமுகப்படும், கண் உறுதியாகும் என்று படித்திருந்தேன். இரண்டாம் கிழமை மேசையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி மகளை இருத்தினேன். இமைக்க முடியாத கண்ணுக்கு இமைக்காமல் பார்க்கப் பழக்கியிருக்கிறேன்! அடுத்த நாள் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க ஏலாமல் போனது. கருவிழியில் கீறல். ஆறியது, ஆனால் அந்த நாலு நாளை நான் மறக்கவில்லை.

அதனால் இந்தக் கவனங்கள் என் அனுபவத்தில் இருந்தும், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதில் இருந்தும் வருகின்றன. திராடகம் வேண்டவே வேண்டாம். முழங்காலில் இருந்து முன்னால் குனியும் குழந்தை ஆசனத்தில் முகம் பாயில் உரசினால் திறந்த கண் கீறும். நெற்றியைக் கைமுட்டியில் தாங்கச் சொல்லுங்கள். சர்வாங்காசனம், சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளும், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் காது, கண், இரத்த அழுத்தம் எல்லாம் தெளிவாகும் வரை வேண்டாம். மூக்கால் தண்ணீர் விடும் நேத்தியும் வேண்டாம். சிம்மாசனம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நாக்கை நீட்டிக் கர்ச்சிப்பது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அது முழு முகத்தையும் உச்சத்துக்கு இழுக்கும் வேலை, அதுவும் கண்ணாடி இல்லாமல். எங்கள் பிசியோ மிஸ் சொன்னது: "சிங்கத்தைக் கொஞ்ச நாளைக்கு லீவில விடுங்கோ."

பிராமரி, அதாவது வண்டு மாதிரி ரீங்காரம், செய்யலாம், ஒரு மாற்றத்தோடு. காதுக்குள் இருக்கும் சின்னத் தசை ஒன்றையும் இதே நரம்புதான் இயக்குகிறது. அது சோர்ந்தால் அந்தப் பக்கம் சத்தம் பெரிதாகக் கேட்கும். காதை விரலால் அடைத்து ரீங்கரித்தால் சில பிள்ளைகளுக்குத் தலைக்குள் மேளம் அடிப்பது போல இருக்கும். காதை அடைக்க வேண்டாம், கண்ணை விரலால் அழுத்தும் முத்திரையும் வேண்டாம். உதட்டை மூடி மெல்ல 'ம்' என்று விட்டால் போதும். அக்கரைப்பற்று வாப்பாவுக்கும் பதில் இதுதான். ஓம் இல்லாமல் தாராளமாகச் செய்யலாம். நீளமாக வெளிவிடும் மூச்சுத்தான் வேலை செய்கிறது. எந்தச் சொல்லோடு விடுவது என்பது உங்கள் வீட்டு விடயம். அந்தப் பையன் இப்போது அதை 'மோட்டர்சைக்கிள் மூச்சு' என்கிறானாம்.

மறைசெலவு: யூடியூப்பில் 'முக யோகா' என்று வருவதில் பெரும்பாலானது வளர்ந்தவர்களின் சுருக்கத்துக்கானது. அதைப் பார்த்துப் பிள்ளைக்குச் செய்வதில் ஆபத்து உண்டு. அதை விடப் பெரிய செலவு, யோகா செய்கிறோமே என்ற நிம்மதியில் கிளினிக் திகதியைத் தவறவிடுவது.

## கரண்ட் வைத்தியம்

சின்ன மின்னோட்டம் கொடுத்துத் தசையைத் துடிக்கவைப்பது. பிள்ளைகளில் இதன் பயன் நிறுவப்படவில்லை. வழிமாறிய நரம்பிழைகளை இது ஊக்குவிக்கலாம் என்ற கவலையும் உண்டு. தனியாரிடம் பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டச் சொன்னால், கட்டுவதற்கு முதல் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

## பரிகாரி எண்ணெய்

எங்கள் மண்ணில் பரிகாரியைத் தள்ளிவைத்துப் பேசினால் அம்மம்மாமார் யாரும் இந்தக் கட்டுரையைப் படிக்கமாட்டார்கள். சித்த வைத்தியத்தில் முகவாதம் பழைய பெயர்தான். மெல்லிய இளஞ்சூட்டு எண்ணெய் தடவல் பிள்ளைக்கு இதமாக இருக்கும். தடவும் கை அம்மம்மாவின் கை என்றால் இன்னும் இதம். கண்ணில் படாமல், கன்னத்தை இழுக்காமல் தடவினால் நான் தடுக்கமாட்டேன்.

தடுப்பது மூன்றை. கண்ணில் சாறு பிழிவது. மூடாத கண்ணோடு வேது (ஆவி) பிடிக்க வைப்பது. பெயர் தெரியாத தூளையோ பஸ்பத்தையோ ஸ்டீரொயிட்டோடு சேர்த்துக் கொடுப்பது. மீன், இறால், தயிர் எல்லாவற்றையும் 'வாய்வு' என்று நிறுத்துவதும் தேவையில்லாத தண்டனை. ஏற்கெனவே சுவை இல்லாமல் சாப்பிடுகிற பிள்ளை அது. நல்ல பரிகாரி முதலில் "ஆசுபத்திரியில காட்டினீங்களா?" என்று கேட்பார். கேட்காதவரிடம் இருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

## பக்கம் பக்கமாக

| தெரிவு | எப்போது | என்ன கிடைக்கும் | மறைசெலவு | எப்போது கூடாது |
|---|---|---|---|---|
| பிசியோ | தொடக்கத்தில் ஒரு தரம்; 3 மாதத்துக்குப் பிறகு கட்டாயம் | சரியான அளவீடு, ஆளுக்கேற்ற பயிற்சி | பஸ், கூலி, பள்ளிக்கூட நாள் | கூடாத நேரம் இல்லை |
| கண்ணாடிப் பயிற்சி | அசைவு துளிர்த்த பிறகு | சமச்சீரான அசைவு | பிள்ளையின் மனம் நோகும் | பலமாக இழுத்துச் செய்தால் |
| யோகா | டொக்டர் பார்த்த அடுத்த நாளில் இருந்தே | தூக்கம், அமைதி, தன்னம்பிக்கை | பொய் நிம்மதி, பிழையான வீடியோ | திராடகம், தலைகீழ், நேத்தி |
| கரண்ட் | டொக்டர் சொன்னால் மட்டும் | நிச்சயமில்லை | காசு | தானாகத் தொடங்குவது |
| எண்ணெய் | எப்போதும், மெல்ல | இதம் | கண்ணில் படுவது | கண் சாறு, வேது |

## உங்கள் வீட்டுக்கு எது

முதல் மாதம், கிளினிக் தூரம், பிள்ளை பயந்திருக்கிறது: டொக்டர் சொன்ன மருந்து, கண் பராமரிப்பு, பின்னேர யோகா. இவ்வளவும் போதும். முகத்தை விட்டுவிடுங்கள். களுவாஞ்சிகுடித் தாய்க்கு நான் சொன்னது இது.

அசைவு துளிர்க்கத் தொடங்கிவிட்டது, பிள்ளை கண்ணாடி பார்க்க மறுக்கிறது: முதலில் பத்து நிமிடம் யோகா, கடைசியில் இரண்டு நிமிடம் கண்ணாடி. மூச்சு அடங்கிய முகம் இழுபடாமல் சின்னதாக அசையும். எங்கள் வீட்டில் கவிழ்த்த கண்ணாடி நிமிர்ந்தது இப்படித்தான்.

மூன்று கிழமையாகியும் துளியும் அசைவில்லை, அல்லது ஒருமுறை சுகமாகித் திரும்பவும் வந்தது, அல்லது இரண்டு பக்கமும் சோர்ந்தது: யோகா, எண்ணெய் எல்லாவற்றையும் பாயோடு சுருட்டி வைத்துவிட்டு மறுபடி டொக்டரிடம். இங்கே ஒப்பிட ஒன்றுமில்லை.

மூன்று நாலு மாதத்துக்குப் பிறகு சிரித்தால் கண் சுருங்குகிறது: பிசியோதான். யோகாவில் தளர்த்தும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே முகநரம்பு வேலை செய்யாத பிள்ளைக்கு இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது. அங்கே குணமாகும் வரை காத்திருப்பது என்ற பேச்சே இல்லை, யோகா அந்தப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளுக்குப் போல ஒரு விளையாட்டு.

எதைத் தெரிவு செய்தாலும், ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஒரு வீடியோ எடுங்கள். ஒரே கதிரை, ஒரே யன்னல் வெளிச்சம். புருவம் உயர்த்த, கண் மூட, மூக்கைச் சுருக்க, சிரிக்க, உதட்டைக் குவிக்க: ஐந்து அசைவு, அரை நிமிடம். டொக்டருக்கும் பிசியோவுக்கும் நீங்கள் கொண்டுபோகக்கூடிய ஆகச் சிறந்த சாமான் அது. மகளின் ஐந்தாவது ஞாயிறு வீடியோவை நாலாவதோடு வைத்துப் பார்த்தபோதுதான் இடது புருவம் நூலளவு எழும்பியிருப்பது தெரிந்தது. ஒரு கிழமை முழுக்க அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.